மா அரிக்கிற நாளில் புகைத்த அடுப்பு

அந்தப் பெல்லட் அடுப்பு வட இலங்கையில், மாங்குளத்தில் இருக்கும் என் திருத்தும் கடைக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அதில் பிழை எதுவும் தெரியவில்லை. மேசையில் வைத்து, கடையிலிருக்கும் 12 வோல்ட் மின்வழங்கியில் கொழுவி, அடுப்போடு வந்த மாதிரிப் பையிலிருந்து பெல்லட் (அமுக்கிய மரத்தூள் துண்டுகள்) போட்டுக் கொளுத்தினால் தீ வட்டமாக எழும்பி, ஒரு இழை புகைகூட இல்லாமல் எரிந்தது. "அக்கா, அடுப்பு நல்லாய்த்தான் இருக்கு" என்று சொல்லி இரண்டு முறையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை அடுப்பை வைத்திருந்த அக்கா அதைக் கொண்டுவரவில்லை. தொலைபேசியில், "தம்பி, உங்கட கடையில எரியிறது எனக்குப் பிரயோசனம் இல்லை. என்ர குசினியில எரிய வேணும். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

அவர் சொன்னது சரி. என் கடையில் அடுப்பு நன்றாக எரிந்ததற்கே காரணம், பிழைகள் எல்லாவற்றையும் நான் அறியாமலே அவர் வீட்டில் விட்டுவிட்டு அடுப்பை மட்டும் சோதித்ததுதான். அது புரிய எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அந்த ஒரு கிழமையை இங்கே எழுதுகிறேன். இதே அடுப்பு இப்போது வன்னியில் வேறு குசினிகளுக்கும் வருகிறது. வாங்கி இரண்டு மாதத்தில் மூலையில் கவிழ்த்து வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

அக்கா துணுக்காய்ப் பக்கம். இடியப்பம் அவித்து விற்பவர். விடிய மூன்று மணிக்கு எழும்பினால்தான் ஏழு மணிக்குள் மல்லாவியில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு 250 இடியப்பம் கொடுக்க முடியும். முன்பு காஸ் வைத்திருந்தார். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை கொழும்பிலேயே 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கு வாங்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்காத நாட்கள் இருந்தன. விறகுக்குத் திரும்பினார். பாலை விறகு நன்றாகத் தணலும், ஆனால் மாரியில் ஈர விறகோடு விடியப்புறம் மல்லுக்கட்டுவது ஐம்பது வயது தாண்டிய நெஞ்சுக்கு ஆகாது. இருமல் விடவில்லை. சீட்டுக் காசு விழுந்ததும் புரட்டாதியில் இந்த விசிறி வைத்த பெல்லட் அடுப்பை வாங்கினார். பெல்லட் என்பது மரத்தூளையோ உமியையோ இயந்திரத்தில் அமுக்கி, பென்சில் தடிப்பில் வெட்டிய சிறு துண்டுகள். பார்த்தால் கோழித்தீன் மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி இதற்குக் குளிசை அடுப்பு என்று பெயர் வைத்துவிட்டார்.

அடுப்பின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. இது விறகடுப்பைப் போல அடியில் கொளுத்தி மேலே தள்ளிக்கொண்டிருக்கும் அடுப்பு அல்ல. இரட்டைச் சுவர் உள்ள இரும்புக் குழலுக்குள் ஒன்றரைக் கிலோ பெல்லட்டை நிரப்பி, மேல் முகத்தில் கொளுத்த வேண்டும். தீ மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். அடித்தட்டின் துளைகளால் வரும் கொஞ்சக் காற்று பெல்லட்டை அரைகுறையாக எரித்து வாயுவாக்குகிறது. அந்த வாயு மேலே வரும்போது, குழலின் வாயைச் சுற்றியுள்ள துளை வரிசையால் வரும் இரண்டாவது காற்றோடு கலந்து எரிகிறது. நாம் காணும் தீ அதுதான். அதாவது இந்த அடுப்பு எரிப்பது புகையை. புகை வெளியே வந்தால் எரிபொருளே எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். 1980களில் அமெரிக்காவில் தோமஸ் றீட் என்பவரும், தனியாக உகண்டாவில் வேலை செய்த நோர்வேக்காரர் போல் வெண்டெல்போவும் கண்டுபிடித்த முறை இது. இரண்டு காற்றையும் தருவது அடியில் பூட்டிய 12 வோல்ட் விசிறி ஒன்று. கம்பியூட்டருக்குள் இருக்கும் விசிறி போன்றது. அந்த விசிறி சோர்ந்தால் எல்லாம் சோரும்.

அவருக்கு முன்பு சொல்லப்பட்டவை

அடுப்பை விற்றவர்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். முதல் முறை, "நீங்கள் கொளுத்துற முறை பிழை" என்றார்கள். அது அந்த நேரத்தில் உண்மைதான். முதல் கிழமை அக்கா பழக்கதோஷத்தில் அடியில் மண்ணெண்ணெய்த் துணி வைத்துக் கொளுத்தி, எரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் கை நிறைய பெல்லட் அள்ளிப் போட்டிருக்கிறார். அடியில் கொளுத்தினால் வாயு குளிர்ந்த பெல்லட்டுக்குள்ளால் ஏறி, எரியாமல் வெள்ளைப் புகையாக வரும். நடுவில் போட்டாலும் அதே கதை. சொன்னதும் திருத்திக்கொண்டார். ஐப்பசி நடுப்பகுதிவரை அடுப்பு நன்றாக எரிந்தது.

ஐப்பசிக் கடைசியில் மறுபடி புகை. இரண்டாம் முறை வந்தவர்கள் புது விசிறி பூட்டினார்கள். இரண்டு நாள் நன்றாக எரிந்து, மூன்றாம் நாள் பழையபடி. அதற்குப் பிறகு கேட்டபோது, "மாரிக்கு எல்லா அடுப்பும் இப்பிடித்தான், பழகினால் சரி வரும்" என்ற பதில் கிடைத்தது.

முப்பது வருடமாக மூன்று கல்லிலும், சூட்டடுப்பிலும், 1980களில் இங்கேயே வடிவமைக்கப்பட்ட அனகி மண்ணடுப்பிலும், காஸிலும் சமைத்த ஒருவரிடம் உமக்கு அடுப்பு எரிக்கத் தெரியாது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கொளுத்தும் முறையில் ஒரு பிழை இருந்தது, அது ஒரு கிழமையில் தீர்ந்தது. ஆனால் அந்த முதல் பதில் பிறகு வந்த எல்லாப் பிழைகளுக்கும் மூடியாகிவிட்டது. இரண்டு முறை நல்லாய்த்தான் இருக்கு என்று அடுப்பைத் திருப்பி அனுப்பிய நானும் அதே மூடியைத்தான் போட்டேன்.

விடியப்புறம் மூன்று மணி

முதல் நாள் பின்னேரமே மல்லாவியில் சொந்தக்கார வீட்டில் தங்கி, வியாழக்கிழமை விடியப்புறம் போனேன். வாடைக்காற்றோடு தூறல். வீட்டுத்திட்ட வீடு. பின்பக்கம் ஒத்தாப்பாக இறக்கிய குசினி, இரண்டு பக்கம் அரைச்சுவர், அதற்கு மேலே தறப்பாள் இறக்கிக் கட்டியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அடுப்பை விறாந்தையிலிருந்து உள்ளே எடுத்திருக்கிறார்.

நான் ஒன்றையும் தொடவில்லை. வழக்கம்போலச் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்து பார்த்தேன். 3.20க்கு மேலே கற்பூரமும் தென்னம் பாளைச் சீவலும் வைத்துக் கொளுத்தினார். கை பழகிவிட்டது, பிழை சொல்ல இடமில்லை. ஐந்து நிமிடத்தில் தீ பிடித்தது. ஆனால் தீயின் நிறம் மந்தமான செம்மஞ்சள். நாக்குகள் நடுவிலே கூடாமல் சோம்பலாக மேலே நீண்டன. 3.40 அளவில் பானையின் ஓரத்தால் புகை கசியத் தொடங்கியது. விசிறியின் சத்தம் காதில் படவே இல்லை. கடையில் அது இரைந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நிலத்தில் பேப்பர் விரித்து, அவித்த கோதுமை மாவை அரிதட்டில் அரித்துக்கொண்டிருந்தார். அரித்தபடியே சொன்னார்: "தம்பி, ஒண்டு சொல்லுறன், நீங்கள் சிரிக்கக் கூடாது. மா அரிக்கிற நாளிலதான் இது கூடப் புகைக்குது."

சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். கடையொன்று கொடுத்த நாட்காட்டி. புகைத்த நாட்களில் எல்லாம் சிவப்புப் பேனையால் 'பு' என்று எழுதியிருந்தார். கூடப் புகைத்த நாட்களில் இரண்டு 'பு'. கொளுத்தும் முறையைத் திருத்தியதிலிருந்து ஐப்பசி நடுப்பகுதிவரை வெறும் கட்டங்கள். பிறகு ஒன்றிரண்டு. கார்த்திகையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் ஒன்று, திங்களிலும் வியாழனிலும் இரண்டு. திங்களும் வியாழனும் அவர் மா அவித்து அரிக்கும் நாட்கள். விற்றவர்கள் வந்த இரண்டு முறையும் இந்த நாட்காட்டி அதே ஆணியில்தான் தொங்கியது. பார்க்கும்படி அவர் சொல்லியும் இருக்கிறார்.

அந்தத் தாளில் இன்னொன்றும் தெரிந்தது. ஐப்பசிக் கடைசியில் ஒரே கிழமைக்குள் மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. மழை தொடங்கியது, அடுப்பு குசினிக்குள் வந்தது, இரண்டாவது பெல்லட் பை உடைக்கப்பட்டது. மூன்றும் ஒன்றாய் வந்ததால் எது காரணம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. இப்படி வந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தக் கூடாது. திருத்தினால் அடுப்பு எரியும், ஆனால் எதனால் எரிந்தது என்று தெரியாமல் போகும், அடுத்த மாரிக்கு அதே இடத்தில் நிற்போம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு நாளும் அதே பானையில் ஐந்து லீற்றர் தண்ணீர் வைத்து, கொதிக்க எத்தனை நிமிடம் என்று அவர் நாட்காட்டியில் எழுத வேண்டும். அன்று, எதையும் மாற்றாமல், 38 நிமிடம் எடுத்தது.

விசிறியின் வாய்

அடுப்பு ஆறியதும் கவிழ்த்துப் பார்த்தேன். விசிறி காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் சிறு கண் வலை ஒன்று உண்டு. வலை இருந்த இடத்தில் வலையைக் காணவில்லை. சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி மாதிரி ஒரு படை. நகத்தால் கீறினால் அப்படியே தகடாய்க் கழன்று வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வரி, கறுப்பு வரி, வெள்ளை வரி. அரித்த மா ஒரு வரி, இரண்டு மூன்று நாள் புகைக்கரி ஒரு வரி, மறுபடி மா. குசினியின் நீராவி அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நாட்காட்டியில் சிவப்புப் பேனை எழுதிய அதே கணக்கை இந்த அடையும் வரிவரியாக எழுதி வைத்திருந்தது. அக்காவிடம் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னனான்தானே" என்று மட்டும் சொன்னார்.

அரித்த மா மிக நுண்ணியது, மிதந்து திரியும். விசிறி அடுப்பின் அடியில், நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்து, பக்கத்தில் மிதக்கும் எல்லாவற்றையும் இழுக்கிறது. என் கடையில் யாரும் மா அரிப்பதில்லை. கொண்டுவரும் வழியில் மோட்டார் சைக்கிள் குலுக்கத்திலேயே மேல் படை உதிர்ந்திருக்கும். புது விசிறி இரண்டு நாள் வேலை செய்ததன் பாதி விளக்கமும் இதுதான். அதோடு புது வலையும் வந்தது.

பழைய பல் துலக்கும் பிரஷால் வலையைத் துடைத்தோம். அடுப்பை நிலத்திலிருந்து எடுத்து, முழங்கால் உயரத்துக்குச் சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். மா அரிப்பது விறாந்தைக்கு மாறியது. நுண்ணிய மா காற்றில் அடர்ந்து நிற்கும்போது தீயோடு சந்தித்தால் பக்கென்று பற்றும், அந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றியிருக்க வேண்டியது. மறுநாள் காலை தொலைபேசியில் கணக்கு வந்தது: 29 நிமிடம். குறைந்திருக்கிறது, தீரவில்லை.

வயரில் தொலைந்த மூன்று வோல்ட்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மீற்றரோடு மறுபடி போனேன். மாரியில் கறண்ட் அடிக்கடி போவதால் அக்கா விசிறியை 12 வோல்ட் பற்றரி ஒன்றில் ஓட்டுகிறார். பற்றரியின் முனையில் 12.3 வோல்ட். பற்றரிக்குக் குறை இல்லை. இங்கேதான் பலர் மீற்றரை மூடிவைத்துவிட்டு, கறண்ட் சரி என்று சொல்லிப் போவார்கள். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, விசிறியின் முனையில் அளக்க வேண்டும். அங்கே 9.1 தான் இருந்தது. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் காணாமல் போயிருக்கிறது.

வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். பற்றரி எட்டாததால் வயரை நீட்டி, இரண்டு முனையையும் முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. ரேப்பை உரித்தால் செம்பு பச்சை பிடித்து, முறுக்கு கையில் ஆடியது. ஓட்டம் இல்லாமல் அளந்தால் இந்த மூட்டு தன் பிழையைக் காட்டாது, மீற்றர் முழு 12ஐக் காட்டும். ஓட்டம் போனதும் மூட்டு தடையாகி வோல்ட்டைத் தின்னும். புது விசிறி பூட்டியவர்கள் வயரை ஆட்டி அசைத்திருப்பார்கள், மூட்டு இரண்டு நாள் நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்த இரண்டு நாளின் மீதி விளக்கம் இது. கடையில் நான் என் சொந்த வயரைத்தான் கொழுவினேன்.

முறுக்கை வெட்டி எறிந்து, ஈயம் உருக்கி ஒட்டி, மேலே குழாய் உறை போட்டு, மூட்டை ஆவி படாத சுவர்ப் பக்கம் மாற்றினேன். விசிறி முனையில் 12.1. சத்தம் திரும்பியது. சனி காலைக் கணக்கு 22 நிமிடம்.

இரண்டாவது பை

மீதி இருந்தது பெல்லட். முதல் பை தீர்ந்து, இரண்டாவது பை அரைவாசிக்கு வந்திருந்தது. வாயைக் கட்டாமல், சுவரோடு ஒட்டி, வெறும் சீமெந்து நிலத்தில் நின்றது. அடுப்போடு வந்த மாதிரிப் பையில் மிஞ்சியதில் ஒரு துண்டை விரலால் முறித்தால் டிக் என்று சத்தம் வந்தது. இரண்டாவது பையின் துண்டு சத்தமில்லாமல் நொறுங்கிப் பொடியானது. நிறமும் வேறு. முதலாவது மரத்தூளின் கபில நிறம், மற்றது வைக்கோல் மஞ்சள், உற்றுப் பார்த்தால் உமியின் செதில் பளபளத்தது. பையின் வெளியே இரண்டிலும் ஒரே படம், ஒரே எழுத்து.

இரண்டிலும் 200 கிராம் நிறுத்துக் கடைக்குக் கொண்டுபோய், சுற்றிய மோட்டர்களுக்கு வார்னிஷ் காயவைக்கும் போறணையில் 105 பாகையில் வைத்தேன். நிறை இனிக் குறையாது என்ற அளவுக்கு வந்தபோது மாதிரிப் பையினது 184 கிராம், அதாவது நூற்றுக்கு 8 ஈரம். இரண்டாவது பையினது 172, நூற்றுக்கு 14. வீட்டுப் பாவனைக்கான நல்ல மர பெல்லட்டுக்கு உலகத் தர அளவு ஈரம் நூற்றுக்கு 10க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அக்காவின் அரிதட்டில் ஒரு கிலோவை அரித்தபோது தூள் மட்டும் 90 கிராம் விழுந்தது. அந்தத் தூள் துண்டுகளுக்கு இடையில் இறங்கி அடித்துளைகளை அடைக்கும். விசிறி எவ்வளவு ஊதினாலும் கீழ்க்காற்று ஏறாது. 22 நிமிடத்தில் கணக்கு நின்றதற்கு முக்கியக் காரணம் இந்தத் தூள் என்றே நினைக்கிறேன்.

சாம்பலையும் பார்க்க வேண்டியிருந்தது. தகர மூடியில் நூறு நூறு கிராம் போட்டு, கரித்தணலில் வைத்து முழுக்க நீறவிட்டேன். மரத்தூள் பெல்லட் ஒரு சிட்டிகை சாம்பலாகிப் போனது. மற்றது எரிந்து முடிந்தும் அப்படியே துண்டு துண்டாக நின்றது, நிறம் மட்டும் வெளுத்திருந்தது. தொட்டால் பொசுங்கியது. நிறுத்தால் 16 கிராம். இது உமியின் குணம். உமியின் சாம்பல் 15 முதல் 20 வீதம்வரை இருக்கும். அதில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் தீட்டியதும் பாத்திரம் மினுக்கியதும் அந்தக் கரகரப்பை நம்பித்தான். சிலிக்கா எரியாது, உருவத்தை விடாது, அடித்தட்டில் தங்கிவிடும்.

உமியை நான் குறை சொல்லவில்லை. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. காலபோக வெட்டு முடிந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க மில்களுக்குப் பின்னால் அது மலையாய்க் குவிகிறது. அதை எரிபொருளாக்கினால் வன்னிக்கு அதைவிட நல்லது இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளர் அலெக்சிஸ் பெலோனியோ வெறும் உமியிலேயே நீலத் தீ எரிக்கும் விசிறி அடுப்பு செய்து 2008இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஆனால் அந்த அடுப்பு உமிக்கென்று அளந்து செய்தது. மரத்தூளுக்கு அளந்த துளைகள் உள்ள அடுப்புக்கு, ஒரு சொல் சொல்லாமல் உமிக் கலவையைக் கொடுப்பது நியாயமில்லை. இந்த விடயத்தில் எனக்குக் கோபம் உண்டு.

இடையில் கனடாவிலிருக்கும் அக்காவின் தம்பியும் வீடியோவில் வந்தார். அவர் வீட்டில் குளிருக்கு மூட்டும் பெல்லட் அடுப்பு இருக்கிறதாம். பெரிய இயந்திரம் அது. மேலே தொட்டி, அதிலிருந்து திருகுதண்டு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும், மின்கம்பி தானே கொளுத்தும், ஒரு விசிறி புகையைக் குழாயால் வெளியே இழுக்கும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். கதவு ரப்பர் பாருங்கோ, புகைக்குழாய் பாருங்கோ என்று சொன்ன பலது இங்கே இல்லாத உறுப்புகள். ஆனால் தீ செம்மஞ்சளாய்ச் சோம்பினால் காற்றுத்தான் குறைவு, பையின் அடியில் சேரும் தூளைக் கொட்டாதையுங்கோ என்று அவர் சொன்ன இரண்டும் துணுக்காய்க்கும் அப்படியே பொருந்தின.

அக்கா மர பெல்லட் பை ஒன்று புதிதாக வாங்கி, முறித்துப் பார்த்து, அரித்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் போட்டுப் பலகைமேல் வைத்தார். திங்கட்கிழமைக் கணக்கு 17 நிமிடம். அன்று மா அரிக்கிற நாள்.

தலை விறைப்பு

இனி வருவதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கண்டது கடைசியில் என்பதால் இங்கே வருகிறது.

ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி தரும்போது அக்கா சாதாரணமாகச் சொன்னார், கார்த்திகை தொடங்கியதிலிருந்து விடிய ஆறு மணிக்குத் தலை விறைக்கிறது, வயிறு பிரட்டுகிறது, முற்றத்துக்குப் போய்ச் சற்று இருந்தால் சரிவருகிறது. நித்திரை காணாதது என்று நினைத்திருக்கிறார். எந்த நேரம் தொடங்குகிறது என்று கேட்டேன். "நெருப்பு அணைஞ்ச பிறகுதான். தணல் சூட்டில சொதியை வைச்சிடுவன், ஆறாமல் இருக்கும்." புகை இருக்குமா என்று கேட்டேன். "இல்லை, அப்ப ஒரு சொட்டுப் புகையும் இராது."

அதுதான் பயம். தீ அடித்தட்டுவரை இறங்கிவிட்டால் வாயு முடிந்து, மஞ்சள் தீ படுத்து, மெல்லிய நீலமாகி, குழலுக்குள் கரித்தணல் மட்டும் மிஞ்சும். அந்தத் தணல் காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மொனொக்சைட் வரும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வெளிக்காற்றில் சுகமாதல் எல்லாம் அதன் அடையாளம். நித்திரையில் இருப்பவர் அடையாளம் தெரியாமலே போய்விடலாம். தறப்பாள் இறுக்கிக் கட்டிய அந்தக் குசினியில், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பேரப்பிள்ளை பாயில் படுத்திருந்ததை வியாழன் விடியப்புறம் நானே கண்டேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை. புகையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றே தறப்பாளை மேலிருந்து ஒன்றரை அடி இறக்கிக் கட்டினோம். கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு கல் எடுத்து வழி விட்டோம். பிள்ளை உள்ளறைக்கு மாறினான். தீ படுத்ததும் அடுப்பை முற்றத்துக்கு எடுத்து, தணலை இடுக்கியால் மூடியுள்ள தகர ரின்னில் கொட்டி இறுக்கி மூடுகிறார். காற்றில்லாமல் தணல் தானே அவியும். ஒரு முறை எரித்தால் கால் கிலோ அளவில் கரி மிஞ்சுகிறது. பள்ளிக்கூட உடுப்பு அழுத்தும் கரி அயன் பெட்டிக்கு அது போதும். சொதிக்கு இப்போது பானையைச் சுற்றிச் சாக்குக் கட்டுகிறார். தலை விறைப்பு மூன்றாம் நாளே நின்றது. ஆனாலும் ஒருக்கா ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன், போய்வந்தார்.

மீதிச் சில்லறை: பானை தாங்கும் மூன்று கால்களில் ஒன்று வளைந்திருந்ததால் பானை ஒரு பக்கம் குழலின் வாயோடு ஒட்டி நின்றது, தட்டி நிமிர்த்தினேன். உமிக் கலவைப் பை அரைவாசி இருக்கிறது. வெயில் எறித்த நாட்களில் காயவைத்து, அரித்து, குழலில் முக்கால்வாசிக்கு மட்டும் நிரப்பி, ஒவ்வொரு முறையும் அடித்தட்டைத் தட்டித் துடைத்து எரிக்கிறார். 20 நிமிடத்தில் கொதிக்கிறது. விற்றவர்களிடம் இந்தக் கணக்குகளை எழுதிக் கொடுத்து, பையில் எந்தப் பொருள் என்று அச்சிடும்படியும், வலையைத் துடைப்பதையும் தணலை வெளியே எடுப்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி அடுப்போடு கொடுக்கும்படியும் கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். அதுவரை என் கடைக்கு வரும் ஒவ்வொரு அடுப்போடும் அந்தத் தாளை நானே எழுதிக் கொடுக்கிறேன். இப்போது அடுப்பைத் திருத்த வாங்குமுன் வயரையும் பெல்லட் பையையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன்.

மார்கழி முடிய அக்கா நாட்காட்டியின் படத்தை அனுப்பினார். மாதம் முழுக்க வெறும் கட்டங்கள், 19ஆம் திகதியில் மட்டும் ஒரு 'பு'. அதன் கீழே சின்ன எழுத்தில், "ஆக்கள் வந்தவை, நடுவில பெல்லட் போட்டனான்" என்று எழுதியிருந்தார்.